மண்டையோடு இல்லாத இடத்தில்: ஒளியும் ஒலியும் கொண்டு மூளையின் ரத்தத்தைப் படமெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு எதைப் பற்றி

2021-ல் அமெரிக்காவின் கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பல்கலைக்கழகத்தில் லிஹாங் வாங் தலைமையிலான குழு, தென் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்களுடனும் எம்.ஆர்.ஐ நிபுணர்களுடனும் சேர்ந்து ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டது. ஒருபக்க மண்டையோடு அகற்றப்பட்டிருந்த சில நோயாளிகளின் மூளையை லேசர் ஒளியும் அல்ட்ராசவுண்ட் உணரிகளும் கொண்டு படமெடுத்தார்கள். விரலை அசைக்கும்போதும் மொழி சார்ந்த வேலைகளைச் செய்யும்போதும் மூளையில் ரத்தம் எங்கே கூடுகிறது என்று பார்த்தார்கள். அதே நோயாளிகளை 7 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலுவின் அலகு) எம்.ஆர்.ஐ கருவியிலும் படமெடுத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

எம்.ஆர்.ஐ-யின் காலம் முடிந்தது என்ற தொனியில் இதைச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சுக்கு இந்தச் சோதனை இடம் தரவில்லை. இதில் கவனிக்க வேண்டியது படத்தின் அழகு அல்ல. மிகக் கடினமான கேள்வியைத் தெரிந்தே ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் அவர்கள் சுத்தமாகக் கேட்ட விதம்தான். சோதனையை வடிவமைக்கும்போது எடுத்த நான்கு முடிவுகள் ஏன் எடுக்கப்பட்டன, அவற்றுக்கு என்ன விலை என்பதை வரிசையாகப் பார்ப்போம். நோயாளிகள் யார் என்பது இதற்குத் தேவையில்லை.

பின்னணி: உள்ளே போவது ஒளி, வெளியே வருவது ஒலி

உயிருள்ள திசுவில் ரத்தத்தைப் பார்க்க ஒளியைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. ரத்தத்தின் நிறமே, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம் ஒளியை விழுங்குவதால் வருவது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் ஒரே ஒளியை ஒரே அளவில் விழுங்குவதில்லை. விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. சாயம் ஏற்ற வேண்டாம், கதிர்வீச்சு வேண்டாம்.

சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. தோலுக்குள் நுழைந்த ஒளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் தான் வந்த திசையை மறந்துவிடுகிறது. அதற்கப்புறமும் பல சென்டிமீட்டர் ஆழம்வரை ஒளி போகத்தான் செய்கிறது. ஆனால் சிதறிச் சிதறிப் போவதால், திரும்பி வரும் ஒளியை வைத்து உள்ளே இருப்பதன் கூர்மையான படத்தை வரைய முடியாது. இருட்டறையில் கை விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் கை முழுக்கச் சிவப்பாக ஒளிரும். எலும்பு எங்கே, ரத்தக் குழாய் எங்கே என்று பிரித்துத் தெரியாது.

ஒலிக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. மென்திசுவில் அல்ட்ராசவுண்ட் சிதறுவது ஒளி சிதறுவதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. ஆகவே ஒளியை உள்ளே அனுப்பி, ஒலியை வெளியே எடுத்தால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்கும். ஒளி ஒலியாக மாறும் என்பது புதுச் செய்தி அல்ல. 1880-லேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல், விட்டுவிட்டு விழும் சூரிய ஒளி ஒரு பொருளில் படும்போது அதிலிருந்து ஒலி எழுவதைக் கண்டார். லேசரும் நல்ல உணரிகளும் வேகமான கணினியும் வரும்வரை அதை மருத்துவத்துக்குப் பயன்படுத்த வழி இல்லை.

இன்று நடப்பது இதுதான். சில நானோ நொடிகளே நீளும் லேசர் துடிப்பு தோலின் மேல் விழுகிறது. ரத்தம் அதை விழுங்கிக் கொஞ்சம் சூடாகிறது. கொஞ்சம் என்றால், ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவு. அந்தச் சூட்டில் ரத்தம் விரியப் பார்க்கிறது. ஆனால் துடிப்பு அவ்வளவு குறுகியது என்பதால் விரிய நேரம் இல்லாமல் அழுத்தம் எழுகிறது. ஆயிரத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 800 பாஸ்கல். அந்த அழுத்தம் அல்ட்ராசவுண்ட் அலையாகத் தோலுக்கு வெளியே வந்து சேர்கிறது. திருவிழாவில் தூரத்தில் வெடிக்கும் வேட்டின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து அது எவ்வளவு தொலைவில் வெடித்தது என்று கணிப்பதைப் போலத்தான் இந்தக் கணக்கும். ஒலி திசுவில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எந்த உணரிக்கு எப்போது வந்தது என்று தெரிந்தால், எங்கிருந்து கிளம்பியது என்று கணக்குப் போட்டுவிடலாம். இதற்குப் போட்டோஅக்கவுஸ்டிக் படமாக்கல் என்று பெயர். இந்தக் கட்டுரையில் ஒளி-ஒலிப் படம் என்றே சொல்கிறேன்.

ஒப்பிடப்பட்ட பழைய முறை

மூளை வேலை செய்வதைப் படமெடுக்க இன்று எல்லோரும் பயன்படுத்துவது செயல் எம்.ஆர்.ஐ. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்குக் காந்தத் தன்மை உண்டு, ஆக்சிஜன் ஏற்றியதற்கு இல்லை என்பதை 1936-ல் பாலிங்கும் கோரியலும் காட்டினார்கள். 1990-ல் செய்ஜி ஒகாவாவின் குழு இதை வைத்து ரத்தத்தின் ஆக்சிஜன் நிலையை எம்.ஆர்.ஐ-யில் பார்க்கலாம் என்று காட்டியது. மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானால் அங்கே தேவைக்கும் அதிகமாகப் புது ரத்தம் பாய்கிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அடித்துச் செல்லப்பட்டு, அதன் பங்கு குறைகிறது. அந்தக் குறைவைத்தான் எம்.ஆர்.ஐ சிக்னல் உயர்வாகக் காட்டுகிறது.

குறைகள் தெரிந்தவைதான். பல டன் எடை, திரவ ஹீலியம், காந்தத் தடுப்பு அறை, காது அடைக்கும் சத்தம். உடலுக்குள் உலோகம் வைத்தவர்களில் பலரை அனுமதிக்க முடியாது. குறுகிய குழாய்க்குள் படுக்க முடியாதவர்கள் உண்டு. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: எம்.ஆர்.ஐ பார்ப்பது கதையின் ஒரு பாதியை. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தத்தை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. அதற்கு அந்த ரத்தம் கண்ணுக்குத் தெரியாத பொருள்.

எலியிலிருந்து மனிதனுக்கு வரத் தடை

2003-ல் வாங்கின் குழு, அப்போது டெக்சாஸில், எலியின் மூளையை ஒளி-ஒலி முறையில் படமெடுத்தது. தோலையும் மண்டையோட்டையும் அகற்றாமலே செய்தார்கள். எலியின் மீசை முடியைத் தூண்டியபோது மூளையின் உரிய இடத்தில் ரத்தம் கூடுவது படத்தில் தெரிந்தது. அப்போதே அடுத்த கேள்வி எழுந்துவிட்டது: மனிதனுக்கு எப்போது?

பதில் வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆனதற்குக் காரணம் எலும்பு. எலியின் மண்டையோடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மனித மண்டையோடு இடத்துக்கு இடம் மாறி, சராசரியாக 6, 7 மில்லிமீட்டர் வரும். வெளியே ஒரு கெட்டி அடுக்கு, உள்ளே ஒரு கெட்டி அடுக்கு, நடுவில் பஞ்சு போன்ற எலும்பு. ஒலி இதற்குள் மென்திசுவில் போவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வளைகிறது. பஞ்செலும்பில் சிதறுகிறது. உயர் அதிர்வெண்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. படத்தின் நுணுக்கம் இருப்பதோ அந்த உயர் அதிர்வெண்களில். போதாக்குறைக்கு, அலையின் ஒரு பகுதி எலும்புக்குள் வேறு வகை அலையாகவே மாறிவிடுகிறது.

ஒரு ஆறுதல் உண்டு. சாதாரண அல்ட்ராசவுண்டில் ஒலி எலும்பை இரண்டு முறை கடக்க வேண்டும், போகும்போது ஒருமுறை, எதிரொலியாக வரும்போது ஒருமுறை. ஒளி-ஒலி முறையில் ஒலிக்கு ஒரே ஒரு பயணம்தான். ஆனால் அந்த ஒரு பயணமே படத்தைக் கலைக்கப் போதும்.

முதல் முடிவு: யாரைப் படமெடுப்பது

இந்த நிகழ்வின் மையம் இங்கே இருக்கிறது. குழுவின் முன்னால் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, மனித மூளையின் செயல்பாட்டால் வரும் ரத்த மாற்றத்தைப் பிடிக்கும் அளவுக்கு இந்த முறைக்கு உணர்திறன் இருக்கிறதா? இரண்டு, மண்டையோட்டின் குளறுபடியைக் கணக்கால் சரிசெய்ய முடியுமா? இரண்டையும் ஒரே சோதனையில் கேட்டிருந்தால், படம் மங்கலாக வந்தபோது குற்றவாளி யார் என்றே தெரிந்திருக்காது. உணர்திறன் போதவில்லையா, எலும்பு கெடுத்ததா?

அதனால் எலும்பே இல்லாதவர்களிடம் போனார்கள். விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கும் பெரிய பக்கவாதம் வந்தவர்களுக்கும் மூளை வீங்கி, மூடிய மண்டைக்குள் அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும்போது அறுவை மருத்துவர்கள் ஒரு பக்கத்து எலும்பைப் பெரிதாக வெட்டி எடுத்துவிடுவார்கள். வீங்கிய மூளைக்கு இடம் கிடைக்கும். உச்சந்தலைத் தோலை மேலே மூடித் தைத்துவிடுவார்கள். எடுத்த எலும்பை உறைநிலையில் வைப்பார்கள், அல்லது நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைப்பார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் இந்த இரண்டாவது வழி நன்கு பழக்கமானது. வீக்கம் வடிந்தபின், பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, எலும்பையோ செயற்கைத் தகட்டையோ பொருத்துவார்கள்.

இடைப்பட்ட அந்தக் காலத்தில் இவர்களின் மூளைக்கும் வெளி உலகுக்கும் நடுவே தோலும் மென்திசுவும் உறைகளும் மட்டுமே இருக்கும். சிகிச்சைக்காக ஏற்கெனவே திறக்கப்பட்ட வழி அது. ஆய்வுக்காக யாருக்கும் புதிதாக எலும்பை எடுக்கவில்லை.

இதற்கு இரண்டு விலைகள். இவர்களின் மூளை அடிபட்ட மூளை. எலும்பு இல்லாத பக்கம் வெளியே புடைத்திருக்கலாம், நாட்கள் போகப் போக உள்ளே குழிந்தும் போகலாம். ரத்த ஓட்டமே மாறியிருக்கக்கூடும். ஆகவே இங்கே கிடைத்ததை ஆரோக்கியமான மூளைக்கு அப்படியே பொருத்த முடியாது. அடுத்தது, இந்தச் சோதனையால் நோயாளிகளுக்கு நேரடிச் சிகிச்சைப் பலன் இல்லை. அவர்கள் கொடுத்தது நேரமும் பொறுமையும். இந்த இரண்டாவது விஷயத்தை இப்படிப்பட்ட செய்திகளில் யாரும் எழுதுவதில்லை என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது முடிவு: எந்த நிறம்

ஒளி-ஒலிப் படத்தில் அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. சுமார் 800 நானோமீட்டரில் இரண்டு வகை ஹீமோகுளோபினும் ஒரே அளவு ஒளியை விழுங்குகின்றன. அதற்குக் கீழே, 750-ஐ ஒட்டி, ஆக்சிஜன் இழந்ததன் கை ஓங்குகிறது. அதற்கு மேலே ஆக்சிஜன் ஏற்றியதன் கை ஓங்குகிறது. குழு எடுத்தது 1064 நானோமீட்டர்.

இதற்குப் பல காரணங்கள் ஒன்றாகக் கூடிவருகின்றன. அந்த நீளத்தில் திசுவின் சிதறல் குறைவு, தோலுக்கு நிறம் தரும் மெலனின் விழுங்குவதும் குறைவு. நீர் விழுங்குவது இன்னும் பெரிய தொல்லையாக ஆகவில்லை. வலுவான, நம்பகமான லேசர்கள் அந்த நீளத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. பாதுகாப்பு வரம்பும் தாராளம்: கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ஒரு துடிப்புக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிஜூல் என்றால், 1064-க்கு 100 மில்லிஜூல். ஐந்து மடங்கு ஒளியைத் தோலில் விடலாம். ஆழத்தில் ரத்தம் அந்த ஒளியைக் குறைவாகத்தான் விழுங்கும் என்றாலும், அங்கே போய்ச் சேரும் ஒளியே அதிகம் என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது.

விட்டுக்கொடுத்தது என்ன? ஒரே ஒரு அலைநீளத்தில் அளந்தால் ரத்தம் கூடியதா, ஆக்சிஜன் கூடியதா என்று பிரிக்க முடியாது. இரண்டு தெரியாத எண்களுக்கு ஒரு சமன்பாடு போதாது. ஆக்சிஜன் இத்தனை சதவீதம் என்று சொல்ல, குறைந்தது இரண்டு நீளங்கள் வேண்டும். இந்த முறையால் இரண்டு ஹீமோகுளோபினையும் தனித்தனியே அளக்க முடியும் என்பதுதான் அதன் பெருமையாகப் பேசப்படுவது. இந்தச் சோதனையிலோ அந்தப் பெருமையை ஓரமாக வைத்துவிட்டு, மாற்றம் வருகிறதா இல்லையா என்பதில் மட்டும் நின்றார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆழத்தில் இரண்டு நிற ஒளியும் வெவ்வேறு அளவில் குறைந்து வருவதைத் திருத்தாமல் கொடுக்கும் ஆக்சிஜன் சதவீதம், பார்க்கத் துல்லியமாகவும் உள்ளே தவறாகவும் இருக்கும்.

மூன்றாவது முடிவு: ஆயிரம் காதுகள், ஒரே நேரத்தில்

மூளையின் ரத்த மாற்றம் சில நொடிகளில் வந்து போகும். படம் எடுக்க ஒரு நிமிடம் ஆனால் அது செயல்படம் ஆகாது. முந்தைய கருவிகளில் உணரிகள் குறைவு, அல்லது உணரிகள் நிறைய இருந்தும் பதிவு செய்யும் தடங்கள் குறைவு. ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்க வேண்டியிருந்தது.

இங்கே கால்வட்ட வில் வடிவில் நான்கு உணரி வரிசைகளை ஒரு அரைக்கோளமாக அமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 256 உணரிகள், மொத்தம் 1,024. ஒவ்வொரு உணரிக்கும் தனிப் பெருக்கி, தனிப் பதிவுத் தடம். வில்களைச் சுழற்றி இடைவெளிகளை நிரப்பினார்கள். தலைக்கும் உணரிகளுக்கும் நடுவே ஒலியைக் கடத்த நீர். கிடைத்தது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பரப்பு, 350 மைக்ரோமீட்டர் நுணுக்கம், செயல்படத்துக்கு 2 நொடி.

அரைக்கோளம் என்பது தற்செயலான தேர்வு அல்ல. உணரிகள் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், அவற்றுக்குச் செங்குத்தாக ஓடும் குழாய்கள் படத்தில் காணாமல் போகும். அவற்றின் ஒலி வேறு பக்கம் போய்விடுகிறதே. மூளையின் மேற்பரப்பிலோ ரத்தக் குழாய்கள் எல்லாத் திசையிலும் வளைந்து நெளிந்து ஓடுகின்றன. சுற்றிலும் கேட்டால்தான் எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் ஒரேசமயத்தில் கேட்டால்தான் நேரமும் குறையும்.

நான்காவது முடிவு: யாரைச் சாட்சியாக வைப்பது

புதுக் கருவி காட்டும் படம் உண்மையா என்று எதை வைத்துச் சொல்வது? மூளையைத் திறந்து பார்க்க முடியாது. குழு தேர்ந்தெடுத்த சாட்சி சாதாரண எம்.ஆர்.ஐ அல்ல, 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ. மருத்துவமனைகளில் பெரும்பாலும் இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா. காந்தப் புலம் கூடக் கூட ரத்த ஆக்சிஜன் மாற்றத்தின் சிக்னலும் வலுக்கிறது. பலவீனமான சாட்சியுடன் ஒப்பிட்டு ஜெயிப்பது எளிது. அந்த எளிய வழியில் போகவில்லை.

செய்யச் சொன்ன வேலைகளும் பழகியவை. விரல்களைத் தட்டுவது, உதடுகளைக் குவிப்பது, நாக்கை அசைப்பது, அப்புறம் மொழி சார்ந்த பணிகள். இவை மூளையில் எங்கே தெரிய வேண்டும் என்று நரம்பியல் ஏற்கெனவே நன்றாக அறிந்திருக்கிறது. விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுத்தான் புதுக் கருவியைச் சோதிக்க முடியும்.

கவனிக்கப்பட்டவை

உச்சந்தலையின் குழாய்களும் மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கின்) மேலோடும் குழாய்களும் படங்களில் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் குழாய் தெரிவது வேறு, செயல்பாடு தெரிவது வேறு. செயல்பாட்டால் வரும் மாற்றம், அடிப்படைச் சிக்னலில் ஒரு சிறு பங்குதான். அதை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க, வேலை செய்யும் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் மாற்றி மாற்றி வைத்து, எந்தப் புள்ளிகளின் சிக்னல் அந்தத் தாளத்தோடு ஏறி இறங்குகிறது என்று புள்ளியியல் முறையில் தேடினார்கள். செயல் எம்.ஆர்.ஐ-யிலும் இதே வழக்கம்தான்.

இரண்டு கருவிகளும் சுட்டிக்காட்டிய இடங்கள் நன்றாகப் பொருந்தின. நேரப்போக்கில் சிக்னல் ஏறி இறங்கிய விதமும் ஒத்துப்போனது. செயல்பாட்டை ஒளி-ஒலி முறை எம்.ஆர்.ஐ-யைவிட விரைவில் கண்டுபிடித்தது என்பது குழுவின் அறிக்கையில் உள்ள கூடுதல் செய்தி.

இந்தப் பொருத்தம் ஏன் மதிப்புள்ளது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ-யின் சிக்னல் கூடியதற்குக் காரணம் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் குறைந்தது. 1064-ல் ஒளி-ஒலிச் சிக்னல் கூடியதற்குக் காரணம் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் அதிகம் வந்தது. ஒன்று காந்தம், மற்றது சூடும் ஒலியும். இயற்பியலில் இவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. ஒன்றுக்கு வரும் பிழை மற்றதுக்கு அதே வடிவில் வர வாய்ப்பு குறைவு. அப்படி இருந்தும் இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால், அங்கே நிஜமாகவே ரத்தம் பாய்ந்திருக்கிறது என்று நம்பலாம். ஒரு எம்.ஆர்.ஐ-யை இன்னொரு எம்.ஆர்.ஐ-யுடன் ஒப்பிட்டிருந்தால் இந்த நம்பிக்கை கிடைத்திருக்காது.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: இரண்டுமே நரம்பணுக்களைப் பார்க்கவில்லை. நரம்பணு துடித்தபின் ரத்தம் உச்சம் தொட ஐந்தாறு நொடிகள் ஆகும். கருவி எவ்வளவு வேகமானாலும் ரத்தம் தன் வேகத்தில்தான் வரும். எண்ணங்களை உடனுக்குடன் படிக்கும் கருவி என்ற விளம்பரத்துக்கு இங்கே இடம் இல்லை.

அதன்பின் நடந்தவை

முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்ததும், ஒதுக்கிவைத்த இரண்டாவது கேள்வி முன்னால் வந்து நின்றது. எலும்பின் வடிவையும் தடிமனையும் சி.டி ஸ்கேனில் இருந்து எடுத்து, ஒலி அதற்குள் எப்படி வளையும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்து, படத்தைத் திரும்பக் கட்டும் வழிகளில் பல குழுக்கள் உழைக்கின்றன. ஒலியின் பாதை வளைந்தது என்றால் கணக்கால் நேராக்கலாம். எலும்பு விழுங்கிவிட்ட உயர் அதிர்வெண்ணைத் திருப்பிக் கொண்டுவர எந்தக் கணக்காலும் முடியாது. ஆகவே எலும்போடு எடுக்கும் படம், எலும்பு இல்லாமல் எடுத்த படத்தின் கூர்மையைத் தொடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு வழி, எலும்பு இருந்த இடத்தில் ஒலி புகும் சன்னல் வைப்பது. 2024-ல் கால்டெக்கின் வேறொரு குழுவும் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக அறுவை மருத்துவர்களும் இதைச் செய்து காட்டினார்கள். எலும்பு இழந்த ஒரு நோயாளிக்கு, ஒலி எளிதில் புகும் அக்ரிலிக் வகை பிளாஸ்டிக்கில் செய்த மண்டைத் தகட்டைப் பொருத்தினார்கள். அதன் வழியே, லேசர் எதுவும் இல்லாமல், வெறும் அல்ட்ராசவுண்ட் கொண்டே மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைப் பார்த்தார்கள். அந்த நோயாளி கணினித் திரையில் புள்ளிகளை இணைக்கும் விளையாட்டை ஆடினார், கிதார் வாசித்தார். இந்த முறை ரத்தம் நகர்வதைப் பார்க்கிறது, ஆக்சிஜனைப் பார்ப்பதில்லை. தகட்டின் வழியாக ஒளியும் புகும் என்பதால், ஒளி-ஒலி முறைக்கும் அந்தச் சன்னல் ஒருநாள் உதவக்கூடும் என்பது என் கணிப்பு.

எலும்பு குறுக்கே வராத உறுப்புகளில் இந்த நுட்பம் வேகமாக முன்னேறிவிட்டது. ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவமனைக் குழு, குரோன் நோயில் குடல் சுவரின் அழற்சியை வயிற்றின் மேலிருந்தே ஹீமோகுளோபின் சிக்னலால் கணிக்கலாம் என்று 2017-ல் காட்டியது. மார்பகக் கட்டிகளை ஆராய, அல்ட்ராசவுண்டோடு இணைந்த ஒரு ஒளி-ஒலிக் கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ 2021 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. நோயாளிக்கு முதலில் பயன் வரப்போவது இந்தப் பக்கத்திலிருந்துதான், மூளையிலிருந்து அல்ல.

மாற வேண்டியவை

இதே சோதனையை மறுபடி வடிவமைத்தால் எதை மாற்றலாம்? என் பட்டியலில் முதலில் வருவது தோல். ஒளி மூளைக்குப் போகும் முன் உச்சந்தலைத் தோலைக் கடக்கிறது. அங்கே மெலனின் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. 1064-ல் அந்தப் பங்கு குறைவுதான், ஆனால் பூஜ்யம் அல்ல. ஆக்சிஜன் சதவீதத்துக்காக 750-ஐ ஒட்டிய இரண்டாவது அலைநீளத்தைச் சேர்த்தால், மெலனினின் பங்கு அங்கே கூடும். இரண்டு நிறமும் சமமாகக் குறையாது, சதவீதம் ஒரு பக்கமாகச் சாயும். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2020-ல் அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை வைத்து வந்த ஓர் ஆய்வில், விரல் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் என்று காட்டியபோது உண்மையில் தமனி ரத்தத்தில் 88-க்கும் கீழே இருந்தது, வெள்ளையர்களிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்களிடம் எடுத்தவற்றில் 11.7 சதவீதம். பல ஆண்டுகள் எல்லா வார்டுகளிலும் புழங்கிய ஒரு கருவியின் நிலைமை இது. புதுக் கருவி சந்தைக்கு வந்தபின் இதைக் கண்டுபிடிப்பதைவிட, முதல் சோதனையிலிருந்தே பங்கேற்பவர்களின் தோல் நிறத்தை அளந்து முடிவோடு சேர்த்து வெளியிடுவது எளிது. நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டுப் பிரச்சினை அல்ல.

தலைமுடியும் அப்படித்தான். கருமுடி ஒளியை நன்றாக விழுங்கும், தானே ஒலியும் எழுப்பும். மழித்த தலையில் வேலை செய்யும் கருவி, மழிக்க விரும்பாதவர்களிடம் என்ன செய்யும் என்பது தனியாகச் சோதிக்க வேண்டிய விஷயம்.

அடுத்து, சாட்சியை எப்போது கேட்பது என்பது. ஒளி-ஒலிப் படமும் எம்.ஆர்.ஐ-யும் ஒரே நேரத்தில் எடுக்கப்படவில்லை, எடுக்கவும் முடியாது. ஒரே ஆள், ஒரே வேலை, ஆனால் வேறு நேரம், படுத்திருக்கும் விதமும் வேறு. எலும்பு இல்லாத தலையில் படுக்கும் நிலை மாறினால் மூளையின் வடிவமே கொஞ்சம் மாறும். ஒவ்வொரு கருவியிலும் இரண்டு முறை எடுத்து, தன்னோடு தான் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் மற்றதோடு ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு இன்னும் வலு வரும்.

ஆழம் பற்றிய பேச்சும் தெளிவாக வேண்டும். விரல், உதடு, நாக்கு, மொழி ஆகியவற்றுக்கான புறணிப் பகுதிகள் மேற்பரப்பை ஒட்டியவை, ஒளிக்குச் சாதகமானவை. மூளையின் நடுவே இருக்கும் பகுதிகளுக்கு ஒளி போய்ச் சேர்வது வேறு கதை. எம்.ஆர்.ஐ-க்கு ஆழம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டும் சமம் என்று எழுதும்போது இந்த வரம்பையும் அதே வாக்கியத்தில் எழுத வேண்டும்.

கடைசியாக, யார் யாருக்கு இது பயன்படும் என்பதைக் கருவி செய்பவர்கள் மட்டும் முடிவு செய்யாமல் இருந்தால் நல்லது. எலும்பு அகற்றப்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் அறுவை மருத்துவரிடம் கேட்டால், மொழிப் பகுதி எங்கே என்பதைவிட அவருக்கு அவசரமாக வேண்டியது வேறாக இருக்கும்: வீங்கிய மூளைக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா, எலும்பைத் திரும்ப வைக்க இது நேரமா, வைத்தபின் ஓட்டம் மேம்பட்டதா. தோல் மட்டுமே மூடியிருக்கும் அந்த வாரங்களில், நோயாளியைக் காந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போகாமல், படுக்கையருகே ஆக்சிஜன் நிலையைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடலாம். அதற்கு ஒரு நீளம் போதாது, இரண்டு அலைநீளங்கள் வேண்டும். தோலின் பங்கைத் திருத்தும் கணக்கு வேண்டும். தலையை அந்த அரைக்கோள உணரிக் கிண்ணத்துக்குக் கொண்டுபோகாமல், கிண்ணம் தலைக்கு வரும்படியான சிறிய கருவியும் வேண்டும்.